அரைப்பேர்: மலையகத்தில் ஆகக்குறைந்த சம்பளத்தின் நூறு வருஷக் கணக்கு

சண்டை கண்டீனில்தான் தொடங்கியது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1750 ரூபாய் ஆகும் என்று அறிவித்த கிழமை அது. செய்தியை ஒருவர் ஃபோனில் வாசித்தார். எங்கள் பட்ச்சில் ஒருவன், யாழ்ப்பாணத்துப் பொடியன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன், "அது நல்ல காசுதானே. இதுக்கு மேல கேட்டால் தோட்டத்தை மூடிப்போட்டுப் போயிடுவாங்கள்" என்றான். மேசையில் இருந்த நாங்கள் பலரும் தலையாட்டினோம். பண்டாரவளைப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி மட்டும் பிளேன்டீக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஒரு நாளைக்கு 1750ன்னு சொல்றீங்க. ஒரு நாள்னா என்னான்னு தெரியுமா? நேத்து எங்கம்மாவுக்கு அரப்பேரு."

எங்களுக்குத் தெரியவில்லை. அவள்தான் விளக்கினாள். காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, கொழுந்து பறித்தால் செக்ரோலில் பேர் விழும். தோட்டம் கேட்கிற கிலோவை எடுத்தால் முழுப்பேர். எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மழை பெய்தாலும், மலையில் கொழுந்தே இல்லாமல் போனாலும், அட்டை கடித்து இரத்தம் ஒழுகினாலும் தராசு ஒரே தராசுதான்.

அன்றைக்கு நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற பிள்ளைகள் நாங்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் பாண் என்ன விலை விற்றது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறோம். பக்கத்து மாகாணத்தில் ஒரு நாள் வேலை என்றால் என்ன என்று தெரியாமல், அந்த நாளுக்கு எவ்வளவு போதும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம். அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. நாங்கள் தேடியது ஒரே கேள்விக்கு விடை: இந்த நாட்டில் ஆகக்குறைந்த சம்பளத்தை எப்போதெல்லாம் கூட்டினார்கள், அப்போது யாருடைய காரணம் எடுபட்டது?

காசு கண்ணில் படாத கூலி

கதை கோப்பியிலிருந்து தொடங்குகிறது. 1830களிலிருந்து கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவின. வேலைக்கு ஆள் தமிழ்நாட்டிலிருந்து, அன்றைய சென்னை மாகாணத்தின் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் மூலம் வந்தது. வருகிற வழிச்செலவு முன்பணம். அந்த முன்பணம் கடன். தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும்போதே கணக்கில் கழித்தல் குறி விழுந்துவிட்டது.

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். தேயிலைக்கு வருஷம் முழுக்க வேண்டும். அதனால் வந்து போகிற ஆள் தங்குகிற ஆளாக மாறியது, லயன் நிலையான குடியிருப்பாகியது. கடனும் கூடவே தங்கியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்றால், 'இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன்' என்று பழைய துரை எழுதிக் கொடுக்கும் ஒரு கடதாசி வேண்டும். அதற்குப் பெயர் துண்டு. புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார். கடன் தீராது, கைதான் மாறும். சட்டப்படி இந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921இல்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், 'சம்பளம் என்பது முதலாளியும் தொழிலாளியும் பேசி ஒத்துக்கொண்ட விலை' என்று பொருளாதாரப் புத்தகம் சொல்கிறது. மலையில் அப்படி ஒரு பேச்சு நடக்கவே இல்லை. பேசுவதற்கு எழுந்து போகும் உரிமை வேண்டும். கடன் அந்த உரிமையை வாங்கி வைத்திருந்தது.

54 சதம், 43 சதம், 32 சதம்

இலங்கையின் முதல் ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். உலகத் தொழிலாளர் அமைப்பு குறைந்தபட்ச வேதனம் பற்றிய தன் முதல் சமவாயத்தை எழுதியது 1928இல். இந்தியா இப்படியொரு சட்டம் கொண்டுவந்தது 1948இல். அப்படிப் பார்த்தால் நாங்கள் முந்திவிட்டோம் என்று பெருமைப்படலாம். ஆனால் ஏன் முந்தினோம் என்று பார்த்தால் பெருமை போய்விடும்.

1922இல் இந்தியாவில் ஒரு குடிபெயர்வுச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக்குக் கூலி வேலைக்கு ஆள் போவதென்றால் அங்கே என்ன சம்பளம், என்ன நிலைமை என்று இந்திய அரசாங்கம் கேட்கத் தொடங்கியது. 1923இல் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் வந்து அமர்ந்தார். நியாயமான சம்பளம் இல்லாவிட்டால் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தலாம் என்ற நிலை வந்தது. தேயிலைக்கு ஆள் வேண்டும். ஆகவே சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே 'இந்தியத் தொழிலாளர்' என்று இருந்தது. அதே தோட்டத்துக்கு அயல் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த சிங்களத் தொழிலாளருக்கு அது பொருந்தாது.

1929இல் அமுலுக்கு வந்த விகிதங்கள் இவை: மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். இடைநாட்டில் 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30.

இந்த எண்களை மெதுவாக வாசியுங்கள். கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். தேயிலையின் விலையே அந்த விரல்களில்தான் இருக்கிறது. அவர்களுக்கு ஆணின் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு. அடுத்தது, சிறுவருக்கும் ஒரு விகிதம் இருக்கிறது. அதாவது ஒரு ஆளின் உழைப்பில் ஒரு குடும்பம் வாழும் என்று அந்தக் கணக்கு நினைக்கவே இல்லை. அப்பா, அம்மா, பிள்ளை எல்லோரும் மலையேறினால்தான் அடுப்பு எரியும் என்பதே அதன் அடிப்படை.

அளவுகோல் அரிசி. தோட்டமே அரிசி கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1930களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து தேயிலை விலை விழுந்ததும், அரிசி விலையும் குறைந்துவிட்டதுதானே என்று சொல்லி ஆகக்குறைந்த சம்பளத்தை வெட்டினார்கள். நிர்ணயித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. ஆயிரக்கணக்கானோரை இந்தியாவுக்குத் திருப்பியும் அனுப்பினார்கள். அரிசி விலை இறங்கினால் கூலி உடனே இறங்கும். அரிசி விலை ஏறினால்? அதற்கு ஆள் சேர்ந்து கத்த வேண்டும்.

கத்தியவர்கள்

கத்துவதற்கு முதலில் துணிந்தவர்களில் ஒருவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், பத்திரிகைக்காரர். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடிக்கிற காலத்தில் தொழிலாளரிடம் போனவர். 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பாடி அரசியல் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்குச் சட்டத்தைப் பாட்டில் சொல்லிக் கொடுத்த அந்தப் பெண்ணைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட நாங்கள் வாசித்ததில்லை.

பிறகு முல்லோயா. ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ள அந்தத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். கேட்டது சதக் கணக்கு. கொடுத்தது உயிர். மலையகத் தொழிற்சங்க வரலாற்றைச் சொல்கிற எவரும் அந்தப் பெயரைத் தாண்டிப் போவதில்லை.

அடுத்த வருஷம், 1941இல், சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. இப்போது தேயிலைத் தொழிலுக்கென்று ஒரு சபை. முதலாளிமார் பக்கம் இத்தனை பேர், தொழிலாளர் பக்கம் இத்தனை பேர், அரசாங்கம் நியமிக்கிறவர்கள் சிலர். போர்க்காலம் அது. பொருள் விலை ஏறிக்கொண்டிருந்தது, தேயிலை ஓடியாக வேண்டும், மலையில் அமைதி வேண்டும். இந்தத் தடவையும் காரணம் தொழிலாளியின் தேவை மட்டும் இல்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. முதல் தடவையாகச் சம்பளம் பேசுகிற மேசையில் தொழிலாளருக்கு ஒரு கதிரை சட்டப்படி கிடைத்தது.

இந்தச் சபை என்கிற யோசனை இங்கே பிறந்தது இல்லை. 1896இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தையல், சப்பாத்து, தளபாடம் போன்ற தொழில்களுக்கு இப்படிச் சபைகள் அமைத்தார்கள். அதைப் பார்த்து 1909இல் பிரித்தானியா அமைத்தது. இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான்: வீட்டுக்குள்ளேயே இருந்து துண்டு வேலை செய்கிற, சங்கம் இல்லாத, பெரும்பாலும் பெண்களான தொழிலாளருக்குச் சந்தை ஒருபோதும் நியாயமான விலை தரவில்லை. இங்கிலாந்தின் கிரேட்லி ஹீத் ஊரில் வீட்டு முற்றத்து உலைகளில் சங்கிலி அடித்த பெண்களுக்கு 1910இல் சபை ஒரு விகிதம் நிர்ணயித்தது. முதலாளிமார் இழுத்தடித்தார்கள். மேரி மக்ஆர்தர் தலைமையில் அந்தப் பெண்கள் பத்துக் கிழமை வேலைக்குப் போகாமல் நின்றுதான் சட்டம் கொடுத்ததையே கையில் வாங்கினார்கள். சட்டத்தில் எண் எழுதிவிட்டால் போதாது என்பது மலையகத்துக்கு மட்டும் உரிய அனுபவம் இல்லை.

வாக்கும் வயிறும்

1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள். 1952 தேர்தலில் ஒருவர்கூடப் போகவில்லை. வாக்கு இல்லாதவரின் சம்பளத்துக்காகப் பாராளுமன்றத்தில் கத்தி யாருக்கு என்ன இலாபம்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, எத்தனை இலட்சம் பேர் போவது, எத்தனை இலட்சம் பேர் இருப்பது என்று இரண்டு பிரதமர்கள் பிரித்தார்கள். நாளைக்கு எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத ஆள் இன்றைக்குச் சம்பளத்துக்காக எவ்வளவு தூரம் போராட முடியும்?

அதன் விலை 1973–74இல் தெரிந்தது. உணவுப் பொருள் தட்டுப்பாடு, பங்கீட்டு வெட்டு, விலையேற்றம். கிராமத்தில் இருப்பவருக்குக் கொல்லையில் ஒரு மரவள்ளியாவது இருக்கும். லயன் காம்பராவின் முன்னால் இருப்பதும் தோட்டத்தின் நிலம், பின்னால் இருப்பதும் தோட்டத்தின் நிலம். சம்பளம் மட்டுமே வழி, அந்தச் சம்பளம் விலையோடு ஓடவில்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. எங்கள் அம்மம்மாமார், அப்பாயிமார் இன்றைக்கும் அந்தக் காலத்தைப் 'பஞ்ச காலம்' என்று சொல்லிவிட்டு மேலே பேசாமல் நிறுத்திவிடுவார்கள்.

ஆணும் பெண்ணும் ஒரே வேலைநாளுக்கு ஒரே சம்பளம் பெற்றது 1984இல். அதுவும் பெரிய வேலைநிறுத்தம் ஒன்றுக்குப் பிறகு. 1929இன் 54க்கும் 43க்கும் இடையில் இருந்த அந்த 11 சதத்தைத் தாண்ட 55 வருஷம் ஆனது. அதற்குள் இரண்டு தலைமுறைப் பெண்கள் மலையேறி இறங்கி முடித்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து எடுத்ததை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆயிரம் என்கிற எண்

1970களில் அரசாங்கம் எடுத்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் போனது. அதன் பிறகு சம்பளத்தை முதலாளிமார் சம்மேளனமும் சில தொழிற்சங்கங்களும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டு ஒப்பந்தத்தில் முடிவு செய்தன. கொழும்பில் கையெழுத்து. மலையில் காத்திருப்பு.

2015இல் எழுந்த கோரிக்கை: நாளுக்கு ஆயிரம் ரூபாய். 2016 ஒப்பந்தம் கொடுத்தது 730. அதிலும் அடிப்படைச் சம்பளம் 500தான். மிச்சம் வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப்பங்கு 30. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் கணக்கிடுவது அடிப்படையை வைத்து. அதனால் மொத்தத்தைப் பெரிதாகக் காட்டி அடிப்படையைச் சிறிதாக வைத்தால், இன்றைய கையும் குறையும், அறுபது வயதின் கையும் குறையும்.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, கொழும்பில் வேலை செய்கிற மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடுப்புப் போட்டுக் காலிமுகத்திடலில் கூடினார்கள். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். புடவைக்கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நின்று உழைப்பவர்கள். தங்களுக்குச் சம்பளம் கேட்டு வரவில்லை. ஊரில் இருக்கிற அம்மாவுக்குக் கேட்டு வந்தார்கள். மூன்று மாதம் கழித்து, 2019 ஜனவரியில் கையெழுத்தானது 700 அடிப்படை, 50 விலைப்பங்கு. ஆயிரம் வந்தது 2021 மார்ச்சில். அதுவும் ஒப்பந்தத்தில் இல்லை, சம்பள நிர்ணய சபை வழியாக, வர்த்தமானியில். 1941இல் கிடைத்த அந்தக் கதிரை எண்பது வருஷத்துக்குப் பிறகு உதவியது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. பல தோட்டங்களில் கிலோ அளவு ஏறியது, வேலைநாள் குறைந்தது என்ற முறைப்பாடுகள் எழுந்தன. நாட்சம்பளத்தைக் கூட்டி, நாளைக் குறைத்தால் மாத முடிவில் என்ன மிஞ்சும்?

2024 மே தினத்தில் 1700 என்று அறிவித்தார்கள். யூலையில் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பரில் அடிப்படை 1350 ஆனது. இப்போது 2026க்கு அறிவித்திருப்பது 1550, அதோடு வருகைக்காக அரசாங்கம் தன் பணத்திலிருந்து 200.

கண்டீனில் நாங்கள் தலையாட்டியது இந்த 1750க்குத்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். தேயிலை ஏற்றுமதியாகி டொலரில் விற்கிறது என்பதால் டொலரிலேயே போட்டோம். 2015இல் கேட்ட ஆயிரம் ரூபாய் அன்றைக்கு ஏழு டொலருக்கு மேல். 2021இல் கொடுத்த ஆயிரம் ஏறத்தாழ ஐந்து டொலர். 2022இல் ரூபாய் விழுந்தபோது அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் குறைவு. இன்றைய 1750 ஆறு டொலரைத் தொடாது. அதாவது 'எப்பிடிக் கொடுப்பது' என்று பத்து வருஷம் இழுத்த அந்தக் கோரிக்கையின் பெறுமதியை, அதைவிட 750 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் இன்னும் எட்டவில்லை.

அப்ப எதற்காகக் கூட்ட வேண்டும்?

இத்தனையும் படித்த பிறகு எங்களுக்குத் தெரிந்தது இது. 1927இல் கூட்டிய காரணம் ஆள் தேவை. 1941இல் போர். கடைசிப் பத்து வருஷத்தில் தேர்தல். கூட்டியவர்களிடம் எப்போதும் வேறு யாருடையவோ ஒரு காரணம் இருந்தது. தொழிலாளியின் சொந்தக் காரணம் எடுபட்டது அவர் வேலையை நிறுத்திய நாட்களில் மட்டும். ஆகவே அந்தக் காரணங்களை நாங்களாவது ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறோம்.

ஒன்று, சம்பளத்தைக் கூட்டாமல் விடுவது என்றால் சும்மா விடுவது இல்லை, வெட்டுவது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு 94.9 வீதம். மாவும் பருப்பும் தானாக ஏறுகின்றன. யாரும் பருப்புக்காகக் காலிமுகத்திடலில் கூட வேண்டியதில்லை. சம்பளம் மட்டும் ஒவ்வொரு தடவையும் போராடி ஏற வேண்டியிருக்கிறது. இது தோட்டத்துக்கு மட்டும் உரிய கதை இல்லை. 2016இல் வந்த தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் மாதம் 10,000 ரூபாய் என்றது. 2021இல் 12,500. நெருக்கடி வந்து விலை எல்லாம் தலைகீழான பிறகும் 2024 வரை அந்த எண் அசையவில்லை. பிறகு 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. கடையிலும் கார்மென்ட்ஸிலும் வேலை செய்கிற எங்கள் அக்காமாருக்கும் இதே கதைதான். வீட்டு வேலை செய்கிறவர்களை அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இரண்டு, கொடுக்காத சம்பளத்தை யாரோ ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு குடும்பம் வாழ ஒரு செலவு இருக்கிறது. சம்பளம் அதற்குக் காணாவிட்டால் செலவு மறைந்துவிடாது, வேறு தோளுக்கு மாறும். ஓ.எல். முடிக்காமல் கொழும்புக் கடைக்குப் போகிற தம்பி கட்டுகிறான். பிள்ளையை விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போகிற தாய் கட்டுகிறாள். அடகுக்கடையில் இருக்கிற தோடு கட்டுகிறது. திறைசேரி கொடுப்பதாக 2026க்கு அறிவித்த அந்த 200 ரூபாயும் அப்படித்தான், கம்பனி கட்ட வேண்டியதில் ஒரு பகுதியை நாடே கட்டுகிறது. 'கூட்டினால் யார் கொடுப்பது' என்று கேட்கிறவர்கள், கூட்டாதபோது யார் கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மூன்று, பேரம் சமமாக நடக்காத இடத்துக்காகத்தான் இந்தச் சட்டமே பிறந்தது. விக்டோரியாவில் தையல்காரிக்கும் கிரேட்லி ஹீத்தில் சங்கிலிக்காரிக்கும் இருந்த அதே பிரச்சினை இங்கேயும் இருக்கிறது. வேலை தருகிறவரே வீட்டின் நிலத்துக்கும் பொறுப்பு. வீட்டில் ஒருவராவது பேர் போட வேண்டும் என்பது பல தோட்டங்களில் எழுதாத சட்டம். 'பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடு' என்று சொல்வது அங்கே 'வீட்டை விட்டுப் போ' என்று சொல்வதற்குச் சமம்.

கம்பனிகள் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. தேயிலைச் செலவில் பெரும்பங்கு கூலிதான். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி இன்றைக்குச் சிறுதோட்ட உடைமையாளரிடமிருந்து வருகிறது, அவர்களோடு போட்டி உண்டு. பல மலைகளில் கன்று மாற்றி நடாமல் விட்டதால் செடி கிழடாகி விளைச்சலும் குறைவு. ஆனால் செடி கிழடானது கொழுந்து பறிக்கிறவரின் பிழையா? அதற்கான தண்டனை ஏன் அவருடைய செக்ரோலில் விழுகிறது?

'கூட்டினால் தோட்டம் மூடும்' என்ற பயத்துக்கும் பதில் மலையிலேயே இருக்கிறது. கூட்டாததால் தோட்டம் காலியாகிக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று கம்பனிகளே சொல்கின்றன. எங்கள் வயதில் எத்தனை பேர் கொழுந்து பறிக்கப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1927இல் ஆள் வராமல் போய்விடும் என்று பயந்து சட்டம் போட்டார்கள். ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து அதே பயம் திரும்ப வந்திருக்கிறது. அன்றைக்குப் பயமுறுத்தியது இந்திய அரசாங்கம். இன்றைக்கு பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிற எங்கள் தலைமுறை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் கூட்டினால் போதாது. 'ஒரு நாள்' என்றால் என்ன என்பதும் சட்டத்தில் இருக்க வேண்டும்: எத்தனை கிலோ, யார் தீர்மானிப்பது, மழை நாளுக்கு என்ன, மாதத்துக்கு எத்தனை நாள் வேலை நிச்சயம். அது இல்லாவிட்டால் 1750 என்பது பத்திரிகைத் தலைப்பில் ஒரு தொகை, மலையில் இன்னொரு தொகை.

கண்டீன் சண்டை அதற்குப் பிறகும் முடியவில்லை. யாழ்ப்பாணத்துப் பொடியன் இதன் முதல் பிரதியை வாசித்துவிட்டு, கம்பனிக் கணக்கையும் இன்னும் கொஞ்சம் பார்க்க வேணும் என்றான். பார்ப்போம், அதுவும் நியாயம்தான். பண்டாரவளைக்காரி வேறொன்று கொண்டு வந்தாள். அம்மாவின் சம்பளச் சீட்டு. கட்டுரைக்காகக் கேட்டு வாங்கியது. மேலே வேலை செய்த நாட்கள், கீழே கழிவுகள்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, முன்பணம், தேயிலைத்தூள். ஆம், தேயிலைத்தூளுக்கும் ஒரு வரி. மேசையைச் சுற்றி நின்று நாங்கள் ஒவ்வொரு வரியாக வாசித்தோம். முடிகிற வரைக்கும் யாரும் பிளேன்டீயைத் தொடவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கலாம். தோட்டத்துடையதாகவோ, கடையுடையதாகவோ, கார்மென்ட்ஸுடையதாகவோ இருக்கலாம். ஒரு தடவை கேட்டு வாங்கி, கழிவுகளையும் சேர்த்து, அடி வரைக்கும் வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு வந்து சொல்லுங்கள், காணுமா காணாதா என்று.